தெருமுனைச் சத்தம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஒரு மாதமாகத் தூக்கம் போய்விட்டது. பக்கத்துத் தெருக்களில் இரண்டு கார்கள் திருடு போயிருந்தன. இரண்டுமே டர்போ வைத்தவை. இவருடையதும் டர்போ. பதினெட்டு வருடம் ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டிச் சேர்த்ததையெல்லாம் அந்தக் காரில்தான் கொட்டியிருந்தார். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

"அலாரமெல்லாம் வேஸ்ட் சார். அது கத்தினா யாரு எட்டிப் பார்க்கறாங்க?" என்றான் மெக்கானிக். அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்து கடை போட்டவன். "ப்ளோ ஆஃப் வால்வை மாத்திடுவோம். எவன் காரை எடுத்தாலும் தெருமுனை தாண்டறதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

கடைக்காரர் விழித்தார். அவன் பானெட்டைத் திறந்து காட்டினான்.

"டர்போ காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுது. நீங்க ஆக்சிலரேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுத்தா, உள்ளே போற வழி மூடிக்கும். அமுக்கின காத்து எங்க போகும்? திரும்பி வந்து டர்போவையே அறையும். அப்படி ஆகாம இருக்கத்தான் இந்த வால்வு. குக்கர் வெயிட் மாதிரி தூக்கிக்கிட்டு காத்தை விட்டுடும். கம்பெனி வால்வு அந்தக் காத்தைச் சத்தமில்லாம திரும்ப உள்ளேயே அனுப்பிடுது. நான் போடறது வெளியே விடும். 'புஸ்ஸ்'னு ஊருக்கே கேட்கும்."

"அப்ப கம்பெனிக்காரன் ஏன் அப்படி வைக்கல?"

"உள்ளே வர்ற காத்தை சென்சார் அளந்து, அதுக்குத் தகுந்த பெட்ரோலை விடும் சார். அளந்த காத்தை வெளியே விட்டுட்டா பெட்ரோல் மிஞ்சிப் போய் வண்டி இருமும். பாதி உள்ளே, பாதி வெளியேன்னு செட் பண்ணணும். அதுலதான் இருக்கு வேலை."

அவன் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. வேலை என்று வந்துவிட்டால் அவன் படு சுத்தம்.

ஆனால் கடைக்காரரின் மனைவிக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. "திருடன் ஓட்டிட்டுப் போற சத்தத்தைக் கேட்டு டாட்டா காட்டப் போறீங்களா?" என்றாள். பிறகு கணவரைத் தனியே இழுத்து, "அவன் கண்ணு சாவி மேலயே இருக்குங்க. கொஞ்சம் அசந்தா அச்சு எடுத்துடுவான்" என்று காதைக் கடித்தாள்.

வால்வை மாட்டியபின், செட்டிங் பார்க்க மெக்கானிக் வீட்டுக்கே வந்தான். வால்வின் ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்கினால் அது சரியாகத் திறக்காமல் 'டுர்ர்ர்' என்று திக்கும். ரொம்பத் தளர்த்தினால் எந்நேரமும் காற்று கசிந்து வண்டியின் இழுவை போய்விடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

"நான் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்கறேன்" என்று அவன் கை நீட்டினான்.

"காரை நீ ஒண்ணும் தொட வேணாம்!" என்று மனைவி பாய்ந்தாள்.

"அதுவும் சரிதான் மேடம். சாரே ஓட்டட்டும். நான் மாடி பெட்ரூம்ல நின்னு கேட்கறேன். ஜன்னலை மூடி வச்சுக் கேட்டாத்தான் சரியா தெரியும்."

மனைவி ஸ்பேர் சாவியை டீத்தூள் டப்பாவுக்குள் புதைத்தாள். சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள், முக்கால் மணி நேரம் அசையவில்லை. கடைக்காரர் தெருமுனைக்குப் போவதும் வருவதும், இறங்கி ஸ்பிரிங்கைத் திருகுவதுமாக வேர்த்து வழிந்தார்.

"கேட்கல சார். அரை சுத்து தளர்த்துங்க" என்றது போன்.

"இப்ப?"

"லேசாத்தான் கேட்குது. இன்னும் கால் சுத்து… ஆங், நிறுத்துங்க! கணீர்னு இருக்கு சார்."

கடைக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

மெக்கானிக் கிளம்பும்போது, "புது ஸ்பிரிங் படியணும் சார். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமா ஒரு லாங் டிரைவ் போயிட்டு வாங்க. அதுக்கப்புறமும் செட்டிங் நிக்குதான்னு பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"புரிஞ்சுபோச்சு. ஆளில்லாத ரோட்டுல நம்மளை மடக்கி காரைப் புடுங்கப் பார்க்கறான்" என்றாள் மனைவி. ஞாயிற்றுக்கிழமை கைப்பையில் மிளகாய்ப்பொடியோடுதான் காரில் ஏறினாள். பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கையும் முறைத்துக்கொண்டே வந்தாள். சாப்பாட்டைக்கூட இருவரும் காரின் மேல் சாய்ந்து நின்றபடியே முடித்தார்கள்.

ஒருவரும் மடக்கவில்லை. நாலு மணிக்குப் பத்திரமாக ஊர் திரும்பினார்கள்.

"பாவம்டி அந்த ஆளு. நல்ல தொழில்காரனைப் போய் சந்தேகப்பட்டோமே" என்றார் கடைக்காரர். மனைவிக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. "நாளைக்குக் கூப்பிட்டு ஒரு டீயாவது குடுக்கணுங்க" என்றாள். அந்தச் சந்தோஷத்தில் அவர் ஓர் அழுத்து அழுத்தி, தெருமுனையில் காலை எடுத்தார். 'புஸ்ஸ்ஸ்' என்று தெருவே அதிர்ந்தது.

வாசலில் காரை நிறுத்தியதும், பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"மெக்கானிக் தம்பி மதியத்துலேர்ந்து உங்க பெட்ரூம்லதான் இருந்தாரு அக்கா, இப்ப உங்க கார் சத்தம் கேட்டதும் ரெண்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு பின்வாசல் வழியா கிளம்பிட்டாரு, செட்டிங் பிரமாதமா நிக்குதுன்னு சார்கிட்ட மறக்காம சொல்லச் சொன்னாரு!"