பாட்டி வேஷம்

"கண்ணை மூடிக்கங்கம்மா. இனிமே பேசக் கூடாது, அசையவும் கூடாது."

வெள்ளைத் துணியைக் கழுத்து வரை போர்த்திவிட்டு, மூக்குத் துவாரங்கள் இரண்டையும் குனிந்து பார்த்துக்கொண்டார் அவர். பிறகு ஜில்லென்ற மாவை நெற்றியில் ஆரம்பித்து முகம் முழுக்க அப்பினார். பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள், பதற ஒன்றுமில்லை, அது சினிமா ஸ்டுடியோவின் மேக்கப் அறை.

நாற்காலியில் சாய்ந்திருந்த நடிகைக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு காலத்தில் கதாநாயகி; முப்பத்தைந்தில் அண்ணி, நாற்பதில் அம்மா, ஐம்பது தாண்டியதும் ஒன்றுமில்லை. அவளோடு ஜோடி சேர்ந்து ஆடியவர் மட்டும் இன்னமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார், மகள் வயசுப் பெண்களோடு.

ஒன்பது வருஷமாக வாய்ப்புக் கேட்டு நடையாய் நடந்தாள். பாட்டி வேஷமெல்லாம் இப்போது யார் எழுதுகிறார்கள் என்று எல்லாரும் கையை விரித்தார்கள். மானத்தோடு வீட்டில் இரும்மா என்று சொல்லிச் சொல்லி மகளுக்கும் அலுத்துவிட்டது. இன்னும் ஒரு தடவை கேமரா முன்னால் நின்றுவிட்டால் போதும், அதற்குமேல் அவளுக்கு ஓர் ஆசையும் இல்லை.

முந்தாநாள் தயாரிப்பு மேனேஜர் போன் செய்தார். பெரிய படம், பாட்டி கேரக்டர்தான் கதையே, அது விஷயமாக ஒரு நாள் வந்து போகவேண்டும் என்றார். துருவிக் கேட்டால் கை நழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் சரி சரி என்று மட்டும் சொல்லி வைத்தாள். மகளிடம், "உங்கம்மா இன்னும் செத்துப் போயிடலடி" என்றாள்.

முகத்தை அச்சு எடுக்கப் பூசிய மாவு இறுகியது. கிழ முகத்துக்கு எதற்கு அச்சு என்று உள்ளுக்குள் ஒரு உறுத்தல். கதையில் பாட்டி தொண்ணூறு வரைக்கும் இருப்பாள் போலிருக்கிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அரை மணி கழித்து மேக்கப்மேன் அச்சைக் கழற்றி, உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சுருக்கம்கூட விட்டுப்போகவில்லை, டைரக்டர் கேட்டது இதைத்தான் என்று பூரித்துப்போனார். இத்தனை காலமும் பவுடரை அப்பி மறைத்த கோடுகள்தானா கடைசியில் வேலை வாங்கிக் கொடுத்தன! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

துணிக்கு அளவு எடுக்கவேண்டாமா என்று கேட்டாள்.

"அதெல்லாம் எடுத்தாச்சும்மா."

எப்போது எடுத்தார்கள்? பழைய படத்து அளவை வைத்துத் தைத்திருப்பார்களோ, உடம்பு பாதியாகிவிட்டதே என்று அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்துகொண்டு படத்தின் கதாநாயகி உள்ளே வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும், பளிச்சென்று இருந்தாள். நடிகை காதோரம் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் எழுந்துபோய் அவள் கையைப் பாசமாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் என் பேத்தியா நடிக்கிறியாம்மா?"

அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். மேக்கப்மேன் சட்டென்று பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் அவர் கையிலிருந்த அச்சை வாங்கி, அதிலிருந்த சுருக்கங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்:

"இந்தச் சுருக்கத்தையெல்லாம் என் முகத்துல ஒட்டினா, பாட்டின்னு நம்புவாங்கல்ல?"