ஐந்தாவது படத்தின் அசல்

ஆயர் ஈத்தாமில் ரோசலின் நடத்தும் ஹோம்ஸ்டேயில் இருப்பவை நான்கே அறைகள். அதன் இணையதளத்தை எவனோ படங்களோடு அப்படியே நகலெடுத்துப் போட்டிருந்தான். அந்தப் படங்களைத் தேடுபொறியிலிருந்து நீக்கச் சொல்லி, நாத்தனார் ஷேரன் புகார்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நகலுக்கும் அசல் எதுவென்று காட்ட வேண்டும்.

"அண்ணி, அஞ்சாவது ரூமுக்கு ஒரிஜினல் எங்க?"

"அஞ்சாவதா? நாலுதான்லா இருக்கு."

ரோசலின் திரையை எட்டிப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத ஓர் அறை. தரையில் இந்த வீட்டின் அதே சிவப்புக் கல். கட்டிலில் ஒரு நீலத் துண்டு, ஓரங்களை உள்ளே செருகி அவள் மடிப்பதுபோலவே மடித்திருந்தது. படத்தின் கீழே 'ஆள் இருக்கிறது' என்று போட்டிருந்தது.

"எங்கயாவது திருடின படமா இருக்கும் அண்ணி. இதையும் நம்மளுதுன்னே போட்டுர்றேன்."

மூன்றாம் நாள் மதியம் பதில் வந்தது. நான்கு படங்கள் நீக்கப்பட்டன. ஐந்தாவது தன்னுடையது என்று ஒருவர் ஆட்சேபம் தெரிவித்திருப்பதால், அது நீக்கப்படவில்லை. ஆட்சேபித்தவரின் முகவரியைப் பாதி வாசித்த ஷேரன் நிறுத்திவிட்டாள்.

"நம்ம வீட்டு அட்ரஸ் அண்ணி."

அன்று விருந்தினர் யாரும் தங்கியிருக்கவில்லை. ரோசலின் துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். காலையில் அவள் காயப்போட்ட நான்கு நீலத் துண்டுகளும் மொடமொடவென்று காய்ந்திருந்தன. கொடியின் கடைசியில் தொங்கிய ஐந்தாவதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.