கேட்டைக்காரி

"பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று பெரியவர் பொன்னையா கேட்டதும், விஜிதாவின் அப்பா முந்திக்கொண்டு "அனுஷம்ங்க" என்றார்.

விஜிதா நிமிர்ந்தாள்.

"இல்லீங்க. கேட்டை."

வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பொன்னையா எழுந்துவிட்டார்.

மலையகத்தில், யட்டவத்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் அவள் விஞ்ஞான ஆசிரியை. கேட்டைப் பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்று சொல்லி ஏற்கனவே இரண்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போயிருந்தார்கள். அன்று பெண் பார்க்க வந்திருந்த இந்திரகுமாரை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லிப் போய் ஆயுள் முழுக்கப் பயந்து வாழ அவளால் முடியாது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு உடம்பு முடியாததால், அவருடைய அண்ணன் பொன்னையாதான் வந்திருந்தார்.

"எங்க மூத்தவன் உயிரோட இருக்கணும். கிளம்புங்க" என்றார். இந்திரகுமாரின் அண்ணன் பிரதீஷ் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

விஜிதா அவர்களுக்கு முன்னால் முற்றத்தில் இறங்கி நின்றாள். இருட்டத் தொடங்கியிருந்தது. தெற்கே, மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு மேலே, சிவப்பாக ஒரு நட்சத்திரம்.

"பாத்துட்டுப் போங்க. அதுதான் கேட்டை. நம்ம சூரியனை விட நூத்துக்கணக்கான மடங்கு பெருசு. அங்க இருந்து வெளிச்சம் வந்து சேரவே ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. உங்க மூத்த பிள்ளையைத் தேடி வர அதுக்கு என்னங்க அவசரம்?"

பொன்னையா ரோட்டுப் பக்கம் நடந்தார். பிரதீஷும் பின்னால் போனான். இந்திரகுமார் மட்டும் போகாமல் அம்மாவைப் பார்த்தான்.

அவன் அம்மா காத்தாயி முற்றத்துக்கு இறங்கி வந்திருந்தாள். அண்ணாந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க மச்சான்."

பொன்னையா திரும்பினார். தம்பி மனைவி அவரிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நானும் கேட்டைதான். எங்கப்பா மகம்னு மாத்திச் சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாரு. உங்களுக்கு ஒரு காய்ச்சல்னாலும் இத்தனை வருஷமா நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். நீங்க இன்னும் குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்க."

காத்தாயி போய் விஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறவங்க போங்க. நான் மருமககிட்டப் பேசிட்டு வர்றேன்."