லேபிளில் மூன்று பேர்

பொட்டலத்தைத் தொடுகிறவர் உடம்புக்கு எவ்வளவு தின்னலாம் என்று லேபிளில் எழுத்து ஓடும். இருவர் தொட்டால் கூட்டிச் சொல்லும்.

மெர்லினும் அவள் கணவன் ஜெகனும் ஒரே கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். லேபிள் 'மூவருக்கு' என்றது.

"லேபிள் கெட்டுப்போச்சு," என்றான் ஜெகன். "நாம ரெண்டு பேருதானே இருக்கோம்?"

"கைய எடுங்க," என்றாள் மெர்லின்.

எடுத்தான். எழுத்து அழிந்து மறுபடி வந்தது: 'இருவருக்கு. இரும்புச்சத்து கூடுதலாகத் தேவை.'

அவனிடம் கொடுத்துப் பார்த்தாள். 'ஒருவருக்கு. அரைத் துண்டு போதும்.' வெடுக்கென்று பிடுங்கினாள். 'இருவருக்கு!'

எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை ஊசி! போன மாதம்தான் எல்லாம் போதும் என்று விட்டிருந்தார்கள்.

ஜெகனுக்குக் கை கால் ஓடவில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பொட்டலத்தைப் பிரித்து ஒரு மிட்டாயை எடுத்தான்.

"வைங்க அத! அது எங்களுக்கு!"

"எங்களுக்கா?"

கல்யாணமான நாளிலிருந்து 'நமக்கு' என்றே சொல்லி வந்தவள் அவள்.

"ஆமா, எங்களுக்கு!"

அந்தச் சொல்லில் தனக்கு இடமில்லை என்று புரிந்ததும் ஜெகன் துள்ளிக் குதித்தான்.