அப்பாவுக்குப் பிடிக்காத கல்லூரிகள்

மாம்பழ லாரி தோப்புக்குள் வந்து நின்றது. அப்பா இறங்கிய விதத்தைப் பார்த்ததுமே சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது. பம்பாயும் போச்சு.

காளிச்சாமி வேட்டியை உதறிக் கட்டினார். ஒரு லோடு பழத்தோடு ஏறிப் போய், வெறும் கூடைகளோடு திரும்பி வந்த மனுஷன் மகனிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

“அது சரிப்பட்டு வராதப்பா. மனசுக்கு ஒப்பல.”

சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.

மனசுக்கு ஒப்பவில்லையாம். சென்னியப்பனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நாடகம் படிக்கப் போகிறேன் என்று அவன் வாய் திறந்தது தை மாதத்தில். அப்பா ஒரேயடியாக முடியாது என்றிருந்தால்கூட, இரண்டு நாள் பட்டினி கிடந்து அவரை வழிக்குக் கொண்டுவந்திருப்பான். அவர் முடியாது என்று சொல்லவில்லை. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அங்கே பிடித்தது வினை.

அவனும் சும்மா இருக்கவில்லை. நாடகக் கல்லூரி இருக்கும் மூன்று ஊர்களுக்கு எழுதிப்போட்டு விவரப் புத்தகங்களை வரவழைத்தான். எங்கே குரலுக்குப் பயிற்சி உண்டு, எங்கே விளக்குப் போடக் கற்றுத் தருகிறார்கள், எங்கே மாணவர்களை வருஷா வருஷம் மேடை ஏற்றுகிறார்கள் என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு, புத்தகங்களின் முனையெல்லாம் மடங்கிவிட்டது. திருச்சூர்தான் அவனுக்கு முதல். அது இல்லையென்றால் பெங்களூர். பம்பாய் கிடைத்தால் யோகம்.

அப்பா அவற்றில் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. லோடு எந்த ஊருக்குப் போகிறதோ அதில் ஏறிக்கொண்டார். இறங்கிய ஊரில் கல்லூரியைப் பார்த்தார். வந்து குறை சொன்னார்.

திருச்சூரில் பேச்செல்லாம் மலையாளமாம். கேரள எல்லைக்குள் தோப்பு வைத்துக்கொண்டு, வில்லேஜ் ஆபீஸில் மலையாளத்திலேயே சண்டை போட்டுக் காரியம் சாதித்துக்கொண்டு வருகிறவர் சொல்கிறார். பெங்களூரில் குளிருமாம். இப்போது பம்பாய் மனசுக்கு ஒப்பவில்லை. சந்தைக்கு மாடு பிடிக்கப் போகும்போதுகூட அவர் இத்தனை சுழி பார்த்ததில்லை.

திங்கட்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான். அப்பா கையெழுத்தில்லாமல் அது போகாது. அப்புறம் தோப்பு, தண்ணீர் பாய்ச்சல், ஒரு கல்யாணம். ஆயுசுக்கும் மாங்காய்தான்.

அவர் திட்டம் அவனுக்குப் புரியாமல் இல்லை. கூத்து என்றாலே ஆகாத மனுஷன். மாசியில் ஊரே கோயில் வாசலில் கூத்துப் பார்த்துக் கிடக்கும்போது, இவர் மட்டும் தோப்பில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருப்பார். மறுத்துக் கெட்ட பேர் வாங்குவானேன் என்று, நொள்ளை சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்துகிறார்.

டிரைவர் அமிர்தநாதன் லாரியிலிருந்து கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். மூன்று ஊருக்கும் அப்பாவோடு போனவர். பெங்களூரிலும் பம்பாயிலும் அப்பாவுக்காகப் பாஷை மாற்றிப் பேசியதும் அவர்தான்.

சென்னியப்பன் நேராக அவரிடம் போனான்.

“நெசத்தைச் சொல்லுங்கண்ணா. எங்கப்பா காலேஜுக்குள்ள போனாருங்களா, இல்ல வாசலோட திரும்பிட்டாருங்களா?”

அமிர்தநாதன் கூடையைக் கீழே வைத்தார்.

“போனாருங்க தம்பி. மூணு ஊர்லயும் ஒரே கேள்விதான். நாடகத்துல ஒருத்தன் செத்து உளுந்தா, அவனை எழுப்பிவுடறது ஆருன்னு கேட்டாரு.”

திருச்சூரில் அவர்களுக்குக் கேள்வி புரியவில்லையாம். பெங்களூரில், திரை விழுந்ததும் அவனே எழுந்து போய்விடுவான் என்றார்களாம். பம்பாயிலும் அதே பதில்தானாம்.

“அவனே எந்திரிக்கலீன்னா என்ன பண்ணுவீங்கன்னாரு. அதை மட்டும் நானு பாஷை மாத்திச் சொல்லலீங்க.”

சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாசிக் கூத்தின் கடைசி நாள் படுகளம். சண்டையில் மாண்டவர்களாக ஆண்கள் மண்ணில் விழுந்து கிடப்பார்கள். முகத்தில் தீர்த்தம் தெளித்ததும் ஒவ்வொருவராக எழுந்து உட்காருவார்கள். தெளிக்கிற முறை அவர்கள் குடும்பத்துக்கு உரியது.

அவன் கைக்குழந்தையாக இருந்த வருஷம் எல்லோரும் எழுந்தார்கள். அவன் சித்தப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஊரறிந்த கதைதான். தீர்த்தச் செம்பு அன்றைக்கு அப்பா கையில் இருந்தது என்பதும், அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை என்பதும் அவனுக்கும் தெரியும். இத்தனை மாதம் அவரைக் கரித்துக்கொட்டினானே தவிர, ஒரு நாள்கூட அதை நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

காளிச்சாமி கால் கழுவிவிட்டு வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அந்தத் திருச்சூர்க் காயிதத்தை எடுத்துட்டு வா. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“மலையாளம்னு சொன்னீங்களேப்பா.”

“அது கெடக்குது. மத்ததெல்லாம் ரொம்பத் தொலைவு. இதுன்னா காலைல பஸ் ஏறுனா மத்தியானத்துக்குப் போய்ச் சேந்தர்லாம்.”

அவர் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“நீ சாகற வேசம் கட்டற அன்னைக்கு மட்டும் முன்னாடியே ஒரு கார்டு போட்டுரு. நானு செம்போட வந்தர்றேன்.”