வண்டியில் பேசுகிறவள்

“இப்பவே அத்தைன்னு கூப்பிடாதே. நான் இன்னும் சரின்னு சொல்லல.”

வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு அம்மா சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கிற குட்டி வண்டி அது. கூரை கிடையாது. இரண்டு பேர் உட்காரலாம். முன்னால் பதித்திருக்கும் ஜிபிஎஸ் பெட்டி, எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லும். பார்க்க வேண்டிய இடம் வந்தால் அதன் கதையையும் சொல்லும்.

“அவகூட அந்த வண்டியில ஒரு சுத்து சுத்திட்டு வாம்மா. அப்புறமும் பிடிக்கலைன்னா நான் பேசல” என்று மகன் கெஞ்சியதால்தான் அம்மா வந்தாள். பெண்ணுக்கு என்ன வேலை என்று அவன் ஆரம்பித்தபோதுகூட, “அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல அவ பேசறதைக் கேக்கறேன்” என்று வாயை அடைத்துவிட்டாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அம்மா. ‘ஹலோ’ என்றால் போதும், ஆளை எடை போட்டுவிடுவாள். மகனுக்கோ பிறவியிலேயே கண் தெரியாது. வருகிறவள் கறுப்பா சிவப்பா என்பது அவனுக்கு எதற்கு? காலம் முழுக்க அவன் குடும்பம் நடத்தப்போவது ஒரு குரலோடு. அது நல்ல குரலாக இருந்தே ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இந்தப் பெண் “வணக்கம்” என்றதுமே அம்மாவுக்கு உள்ளே சுருக்கென்றது. தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. அதிலும் கேட்ட கேள்விக்கு ஒரு சொல், மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சொல். பேசினால் முத்து உதிர்ந்துவிடும் போலிருக்கிறது.

வண்டி கிளம்பியது. பெட்டி பேச ஆரம்பித்தது.

“இடப்பக்கம் திரும்புங்கள். மெதுவாகவே வாருங்கள், கட்டடங்கள் எங்கும் ஓடிவிடாது. இதோ பழைய நீதிமன்றம். படிகளின் நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்கிறது பார்த்தீர்களா? வழக்குக்கு வந்தவர்கள் ஒருவரும் ஓரமாக ஏறவில்லை. ஓரம் கட்டிவிடுவார்களோ என்று பயம்.”

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“கேட்டியா? பேசினா இப்படிப் பேசணும். குழையவும் இல்ல, அதட்டவும் இல்ல.”

பெண் சிரித்தாள். “அது வந்து, அத்தை…” என்று கரகரத்தாள்.

“வலப்பக்கம் திரும்புங்கள்” என்றது பெட்டி.

“முதல்ல திரும்பு. அவ சொல்றதைக் கேளு.”

வண்டி குறுகலான சந்தைத் தெருவுக்குள் நுழைந்தது.

“இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் மட்டும் வேண்டாம். முதலில் வருவது மரத்தூள் வாசனை, தச்சர்களின் கடைகள். அடுத்தது தோல், செருப்புக் கடைகள். ஈரச் சாக்கு வாசனை வந்துவிட்டதா? வலது கைப்பக்கம் பூக்கடைகள்.”

அம்மா கண்ணை மூடினாள். மரம் வந்தது, தோல் வந்தது, ஈரச் சாக்கும் வந்தது. தன் பிள்ளை ஊரை எப்படிப் பார்க்கிறான் என்பது அவளுக்கு முதல் தடவையாகப் புரிந்தது. இப்படிச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி பக்கத்தில் இருந்தால் என் பிள்ளைக்கு வேறென்ன குறை என்று மனசு அடித்துக்கொண்டது.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. அம்மா சுற்றி வளைக்கவில்லை.

“மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு எனக்கு வராது. நீ நல்ல பொண்ணு, நிதானமா ஓட்டறே. ஆனா என் பையனுக்கு இந்தப் பெட்டியில பேசறா பாரு, அவள மாதிரி ஒருத்திதான் வேணும். இது சரிப்படாது. தப்பா எடுத்துக்காதே.”

பெண் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவசரமாகக் கைபேசியை எடுத்து எதையோ தட்டி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அதெல்லாம் நீட்டாதே, நான் கண்ணாடி கொண்டு வரல. அதோ, பச்சை விழுந்துடுச்சு.”

பாலத்தைத் தாண்டும்வரை பெண்ணின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று அம்மாவுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

கிளம்பிய இடத்துக்கே வண்டி வந்து சேர்ந்தது. பெண் அதை ஓரமாக நிறுத்துவதற்குள் அம்மா இறங்கி விறுவிறுவென்று கவுண்டருக்குப் போனாள்.

“தம்பி, அந்தப் பெட்டியில பேசற பொண்ணு யாரு?”

“ஏங்க, எதையாவது தப்பா சொல்லிடுச்சா?”

“தப்பெல்லாம் இல்ல. கல்யாணம் ஆயிடுச்சா அவளுக்கு? ஆகலைன்னா என் பையனுக்குக் கேக்கணும். அவங்க வீட்டு நம்பர் குடு, இப்பவே பேசறேன்.”

கவுண்டர்காரர் அம்மாவைப் பார்த்தார். பிறகு வெளியே வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார்.

“உங்கள இவ்வளவு நேரம் ஓட்டிக்கிட்டுப் போனாங்களே, அவங்கதாங்க அது. புது ரூட்டுக்காக ஒரு வாரமா விடாமப் பேசிப் பதிவு பண்ணதுல தொண்டை போயிடுச்சு. வாயே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்ககிட்ட சொல்லலையா?”

அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள்.

“என் மருமக சொல்லத்தான் வந்தா, தம்பி. நான்தான் விடல.”