எழுபத்தெட்டு சதவீதம்

முதல் குத்து செல்போன் மெக்கானிக்கின் மூக்கில் விழுந்தது. ரத்தம் கவுண்டர் கண்ணாடியில் சொட்டியது. அவனோ மூக்கைத் துடைக்காமல், எதிரே திறந்திருந்த இயர்பட்ஸ் பெட்டியைக் கைகளால் அணைத்துக்கொண்டான்.

"என் பொண்ணுக்கே மெசேஜ் போடுற அளவுக்கு உனக்குத் துளிர்விட்டுப் போச்சா?"

லாரி டிரைவர் அவன் காலரைப் பிடித்து உலுக்கினார். காலையில் மகளின் போனில் அவரே படித்தது அது: 'மூணு மணிக்குக் கடைக்கு வாங்க. அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்.'

"அது அப்டேட் விஷயம் சார்."

"என்னடா அப்டேட்டு, எங்கிட்ட மறைக்கற அப்டேட்டு?"

"அதை உங்க பொண்ணுதான் சொல்லணும்."

அடுத்த குத்தில் உதடு கிழிந்தது. ஸ்டூலோடு சாய்ந்தவனின் விலாவில் உதை விழுந்தது. டிரைவரின் கை பெட்டியை நோக்கி நீண்டது.

"மூடிராதீங்க சார். அப்டேட் எழுபத்தெட்டு சதவீதத்துல ஓடுது, பாதியில நின்னா ரெண்டும் செத்துடும்."

"மூணு மாசமா உன் நெனப்புலயே கிடக்கறாடா அவ. பக்கத்துல உக்காந்து கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்கறா."

மேசைமேல் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது. டிரைவர் அதை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஓங்கினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே ஓடிவந்த மகள் அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். சூடான முனை அவள் மணிக்கட்டைத் தீய்த்துக்கொண்டு போனது. அவள் பிடியை விடவில்லை.

மெக்கானிக்கின் போன் சிணுங்கியது.

"முடிஞ்சிருச்சும்மா," என்றான் தரையில் கிடந்தபடியே. "போட்டுப் பாருங்க."

அவள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து இடது காதில் பொருத்தினாள். மின்விசிறியின் கரகரப்பு, தெருவில் போகும் பஸ், அப்பாவின் மூச்சிரைப்பு. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"இந்தக் காது சரியா கேக்கறதில்லப்பா. புது அப்டேட் போட்டா இதுவே காது மெஷின் மாதிரி வேலை செய்யும்னாரு."

டிரைவர் அயர்னைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட ஏம்மா மறைச்ச? எப்பலேருந்து கேக்கல?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க அறைஞ்ச நாள்லேருந்துப்பா."